கொய்யாவும் கடலையும்



ஒரு கொய்யாப்பழம் வாங்குவதா, அல்லது அந்தக் காசுக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலை வாங்குவதா? இவற்றுள் எதிலே சத்து அதிகம்? திருத்தங்கலில் இக்கேள்வி பலமுறை என் செவியில் விழுந்திருக்கிறது. கேட்பவர் பெரும்பாலும் தாய்மார்களே. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியில், கரிசல் மண்ணும் வானம் பார்த்த பயிரும் உடைய ஊர் எங்களூர். 2021ஆம் ஆண்டில் அது சிவகாசி மாநகராட்சியோடு இணைந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களில் உழைத்துக் கூலியை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பங்கள் இங்கே மிகுதி. ஆதலின் இது பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் கேள்வியன்று.

விடை கூறுமுன், பழம் எதற்காக உண்டாகிறது, விதை எதற்காக உண்டாகிறது என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பறவையையும் விலங்கையும் அழைத்து, தன் விதையைத் தொலைவிலே கொண்டுபோய்ப் போடச் செய்வதற்காகச் செடி விரிக்கும் கடை பழம். நிறமும் மணமும் இனிப்பும் அக்கடையின் சரக்குகள். எஞ்சியது பெரும்பாலும் நீர். விதையோ, முளைக்கப்போகும் குழவிக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. இலை விட்டு, வெயிலைக் கொண்டு தானே உணவு சமைக்கும் வரையில் அக்குழவிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் தாதுக்களும் அதனுள்ளே அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று வழிப்போக்கருக்குக் காட்டும் உபசாரம். மற்றொன்று பிள்ளைக்குச் சேர்த்த சொத்து. இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தால் விதைதான் வெல்லும். ஆனால் அத்தராசு நமக்குப் பொருந்துமா என்பதே வினா.

நம் நாட்டு உணவுகளை நிறுத்து, அரைத்து, சோதித்துக் கணக்கிடும் வேலை வேரூன்றியது நம் நீலகிரியிலேதான். 1918ஆம் ஆண்டில், குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையிலே, ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அந்நிலையம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நான் சொல்லும் எண்கள் அவ்வழி வந்த பட்டியல்களில் உள்ளவை.

நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 50 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். அதே நூறு கிராம் நிலக்கடலையில் 550 கலோரி அளவு. புரதம் 25 கிராம். கொழுப்பு 40 கிராம். பசியாற வேண்டுமென்றால், கைப்பிடிக் கடலைக்கு ஈடாக மூன்று நான்கு கொய்யா தின்ன வேண்டும். ஆயினும் உயிர்ச்சத்து சி என்னும் இடத்தில் கணக்குத் தலைகீழாகிறது. நூறு கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு வேண்டியது 65 மில்லிகிராமே. காய்ந்த கடலையில் அது அறவே இல்லையெனலாம். ஆரஞ்சிலே உள்ளது கொய்யாவின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆப்பிளிலோ சில மில்லிகிராம்தான். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளை வாங்கிக்கொண்டு, பழனியை அடுத்த ஆயக்குடித் தோட்டத்துக் கொய்யாவைக் கூடையிலேயே விட்டுச் செல்கிறோமே, அந்த நாகரிகம் எனக்கு விளங்கியதில்லை.

கடலையும் கொய்யாவும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. கொய்யா என்னும் பெயரே போர்த்துகீசியர் வாய்ச்சொல்லிலிருந்து பிறந்ததென்பர். கடலைக்கு மணிலாக்கொட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. எள் அப்படியன்று. அது நம் பழஞ்சொத்து. எள்ளின் நெய்யே எண்ணெய் என்று மொழியே சாட்சி கூறுகிறது. விருதுநகர் எண்ணெய்க்கும் பருப்புக்கும் பெயர் பெற்ற சந்தை. அங்கே வந்து குவியும் விதைகளை நாம் என்ன செய்கிறோம்? செக்கிலிட்டு ஆட்டுகிறோம். எண்ணெயாக வடிவது கொழுப்பு மட்டுமே. புரதம் முழுவதும் புண்ணாக்கிலே தங்கி மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. மாட்டின் மீது எனக்குப் பொறாமையில்லை. அது பாலாகத் திருப்பித் தருகிறது. ஆனால் பால் வாங்க இயலாத வீட்டில், விதையை விதையாகவே தின்பதுதான் லாபம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டம் இருக்கட்டும், வெல்லப்பாகில் முழுக் கடலையைப் பிடித்து வைத்தவன் தன்னையறியாமலே மருத்துவன்.

இனி, சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். பட்டியலில் இருப்பது வேறு. உடலில் சேர்வது வேறு. எள்ளில் நூறு கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து ஆயிரம் மில்லிகிராமைக் கடந்து நிற்கிறது. இரும்பும் நிறைய உண்டு. ஆனால் எள்ளின் தோலிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. இரும்பையோ பைட்டேட் என்பது பிடித்து வைத்திருக்கிறது. முளைக்கும் குழவிக்காகத் தாய்ச்செடி பாஸ்பரசைப் பூட்டி வைத்த பெட்டி அது. விதை முளைக்கும்போது பூட்டுத் தானே தளர்கிறது; முளைகட்டிய பயற்றுக்குச் சிறப்பு வந்தது அதனாலேதான். முளைக்காத கடலையையும் எள்ளையும் உண்ணும் நமக்கு, அப்பூட்டின் பிடியிலிருந்து இரும்பைக் காப்பது உயிர்ச்சத்து சி. ஒரே வேளையில் இரண்டும் வயிற்றில் சேர்ந்தால், விதையிலுள்ள இரும்பு உடலில் ஏறுவது இருமடங்கும் அதற்கு மேலும் ஆகக்கூடும். காலையில் கொய்யா, மாலையில் கடலை என்று பிரித்துத் தின்றால் இப்பயன் கிட்டாது.

இதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது தேநீர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை மீண்டும் கட்டிப்போடுகிறது. பதினொரு மணிக்குக் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே தேநீர் அருந்தும் பழக்கம் நம் வேலைத்தலங்களில் ஊறியது. தின்ற இரும்பில் பெரும்பகுதியைத் தேநீர் வீணாக்கிவிடுகிறது. தேநீரை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மிட்டாயுடன் அரைக் கொய்யா இருக்கட்டும். கொய்யா கிடைக்காத நாளில் நெல்லிக்காய் உண்டு. சுண்டலில் பிழிய எலுமிச்சை உண்டு. சுண்டலை இறக்கிய பின்னரே எலுமிச்சையைப் பிழிய வேண்டும். இந்தச் சத்து தீயைத் தாங்காது.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்கிறார்கள், ஆணுக்கு 19. வீட்டில் கடைசியாக உண்பவளுக்கே தேவை அதிகம் என்பதைக் கவனியுங்கள். கொய்யாவும் எள்ளுருண்டையும் முற்றிய சோகையைத் தீர்த்துவிடும் என்று நான் கூறவரவில்லை. அதற்கு மருத்துவமனையில் சோதித்து, அங்கே கொடுக்கும் இரும்பு மாத்திரையை உட்கொள்வதே வழி. அம்மாத்திரையையும் தேநீரோடு விழுங்குவோர் இருக்கிறார்கள்! தண்ணீரோடு விழுங்கி, உடன் கொய்யாத்துண்டு ஒன்று தின்னட்டும்.

வாங்கும்போது சிறிது கவனம் தேவை. கொய்யாவைக் கழுவித் தோலோடு தின்க. அதன் விதைகள் செரிப்பதில்லையே என்று அஞ்ச வேண்டாம். நார்ச்சத்தாக நின்று மலச்சிக்கலைப் போக்க அவையும் உதவுகின்றன. கடலையில் சுருங்கியதும், நிறம் மாறியதும், பூசணம் பிடித்ததும் ஆகாது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் காரணம் விளங்காமல் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் விளைத்த நஞ்சே காரணமென்று பிறகு கண்டார்கள். அதற்கு அஃபிளடாக்சின் என்று பெயர். ஈரலைக் கெடுக்கும் அந்நஞ்சு வறுத்தாலும் முற்றும் நீங்குவதில்லை. வாயிலிட்ட கடலை கசந்தால், காசு போயிற்றே என்று விழுங்காமல் துப்பிவிடுவதே நன்று.

கடலை உடம்புக்கு ஒவ்வாதவர் சிலர் உண்டு. அவர்கள் தொட வேண்டாம். நான்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை கொடுக்கலாகாது, மூச்சுக்குழலில் சிக்கிவிடும். வறுத்து, தோல் நீக்கி, நைய இடித்து, விதை நீக்கி மசித்த கொய்யாவோடு பிசைந்து கொடுக்கலாம். அச்சமின்றித் தின்னும்.