மொத்த இருப்பும் கையில் எடுக்கும் தொகையும்
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ரத்தப் பரிசோதனை பற்றி நான் பேச வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள்.

அவளுக்கு வயது 24. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். எடை கூடிக்கொண்டே போனது, தாடையில் முடி வேறு. பார்க்கும்போதெல்லாம் "சாப்பாட்டைக் குறைம்மா" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒரு லேபில் சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை செய்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவுக்குள் இருந்தது. சிஆர்பி என்கிற புரதம் மட்டும் சிவப்பு எழுத்தில். வீடே அதைப் பார்த்துப் பயந்தது. அவள் கேட்டாள்: "ஹார்மோன் நார்மல்னா எனக்கு ஏன் சித்தப்பா இப்படி?"

பதிலை எண்டோகிரைன் மருத்துவர்தான் சொன்னார். சிஆர்பி, கல்லீரல் தயாரிக்கும் அழற்சிப் புரதம். உடல் பருமன் இருந்தாலே கொஞ்சம் கூடும், காய்ச்சல் வந்தாலும் கூடும். அதை வைத்து பிசிஓஎஸ் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டது வேறொரு புரதம், எஸ்எச்பிஜி. அந்த நீளப் பட்டியலில் அது இல்லவே இல்லை.

எஸ்எச்பிஜியும் கல்லீரலில் உண்டாவதுதான். ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. எனக்கு உடனே லீன் மார்க் செய்த கணக்கு ஞாபகம் வந்தது. இருப்பு லட்ச ரூபாய் இருக்கும், லீன் போக எடுக்கக்கூடியது ஆயிரமாக இருக்கும். பெண்களின் டெஸ்டோஸ்டிரோனில் கட்டில்லாமல் திரிவது ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம்தான். இன்சுலின் அதிகமானால் கல்லீரல் எஸ்எச்பிஜியைக் குறைத்துவிடுகிறது. லீன் விலகிவிடும். மொத்த இருப்பு மாறாது, செலவாகும் தொகை பெருகிவிடும். அதே இன்சுலின் சினைப்பையையும் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோனை 100-ஆல் பெருக்கி எஸ்எச்பிஜியால் வகுக்க வேண்டும், இரண்டும் நானோமோல் அலகில். டெஸ்டோஸ்டிரோன் 1.5, எஸ்எச்பிஜி 60 என்றால் விடை 2.5. எஸ்எச்பிஜி 15-ஆக இறங்கினால் விடை 10. ரிப்போர்ட்டில் அதே 1.5 தான், ஆனால் நான்கு மடங்கு! நம் லேப்கள் டெஸ்டோஸ்டிரோனை வேறு அலகில் தருவதுண்டு, மாற்றாமல் வகுத்தால் தப்பாகிவிடும்.

எஸ்எச்பிஜி குறைந்தாலே பிசிஓஎஸ் என்றும் முடிவுகட்டக் கூடாது. வெறும் பருமனிலும் அது குறையும். ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த முறைப்படி, மாதவிடாய்க் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பை நிலை, இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு போன்ற வேறு காரணம் இல்லை என்றும் பார்க்க வேண்டும். 2023 சர்வதேச வழிகாட்டுதலில் வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதில் ஏஎம்எச் என்ற புரதத்தை அளக்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். பள்ளி வயதுப் பெண்களுக்கு அது கூடாது. இதைச் சில அம்மாக்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்தடை மாத்திரை எஸ்எச்பிஜியை ஏற்றிவிடும். பிசிஓஎஸ்ஸுக்கும் அதைக் கொடுப்பதுண்டு. சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

எடை 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு இன்சுலின் இறங்கி எஸ்எச்பிஜி ஏறுகிறது. 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. அப்படியானால் நான் சொன்னது சரிதானே என்று வீட்டில் கேட்டேன். "நீங்க சொன்ன விதம் சரியில்லை" என்றாள் என் மனைவி. அண்ணன் மகள் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், நடக்கிறாள். நான் எடை பற்றி அவளிடம் பேசுவதில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். வகுத்தல் சரியா என்று மட்டும் பார்த்துத் தருகிறேன்.