ஓர் எழுத்துக்கு ஐந்து கோலங்கள்

சீன எழுத்தொன்றை வாயில் நிலையிலோ சுவரிலோ பொறித்துக்கொள்ளும் ஆசை இன்று பல இல்லங்களில் காணப்படுகிறது. அம்மொழியில் ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நின்று பொருள் தருவதால் அதற்குத் தனிக் கவர்ச்சி உண்டு. ஆயின், எழுத்தைத் தேர்ந்தெடுத்த பின்னர், எந்தப் பாணியில் எழுதுவது என்ற வினா எழுகிறது. ‘எது அழகோ அது’ என்பர் பலர். அவ்விடை போதாது, அந்த எழுத்து எவர் முன் நின்று, என்ன பணி செய்யப்போகிறது என்பதே முதற் கேள்வி என்பது என் கருத்து.

தமிழருக்கும் சீன எழுத்துக்கும் உள்ள உறவு பழையது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் ஒன்றைக் குறிக்கும் அதன் அடியில் சீன எழுத்திலும் ஒரு வரி உண்டு. 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்லொன்று 1911-இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் சீனப் பகுதி புத்தரைப் போற்ற, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. மூன்றாவது பகுதி பாரசீகம். கல் ஒன்றேயாயினும், ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய வாசகரை அறிந்தே பேசுகிறது.

இவ்வினா அந்தமானில் வண்டூர்க் கடற்கரையை அடுத்து வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் எழுந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையால் வீட்டை இழந்து, மேட்டு நிலத்தில் மீண்டும் வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். கப்பலில் வேலை பார்க்கும் மகன் ‘ஆன்’ என்னும் சீன எழுத்தைத் தூரிகையால் எழுதிய தாளொன்றைக் கொண்டுவந்தார். மேலே கூரை, அதன்கீழ் ஒரு பெண்: இதுவே அவ்வெழுத்தின் அமைப்பு. அமைதி, பாதுகாப்பு என்பன அதன் பொருள். படாக் மரப் பலகையில் அதைச் செதுக்கி வாயிலில் பதிக்க விரும்பினர். தாளில் இருந்ததோ அலைபோலச் சுழன்றோடும் விரைவெழுத்து. தாயார் கேட்டார்: “மொழி தெரிந்தவர் ஒருவர் என்றேனும் வாசலுக்கு வந்தால், அவராவது இதைப் படிக்க முடியுமா, ஐயா?” அக்கேள்வியிலேயே பாதி விடை அடங்கியிருந்தது.

சீனர் எழுத்துக்கலையில் ஐந்து பெரும் பாணிகள் உண்டு. முதலாவது முத்திரை எழுத்து. கி.மு. 221-இல் நாட்டை ஒன்றுபடுத்திய சின் பேரரசு இதை ஒழுங்குபடுத்தியது. பெயர் முத்திரைகளில் இன்றும் வாழ்கிறது. பழமையும் வீறும் உடையது. இரண்டாவது, ஹான் காலத்தில் ஓங்கிய எழுத்தர் எழுத்து. அகன்று படர்ந்த அதன் கிடைக்கோட்டின் தொடக்கத்தைப் பட்டுப்புழுவின் தலைக்கும் முடிவைக் காட்டு வாத்தின் வாலுக்கும் ஒப்பிடுவர். மூன்றாவது, கோடுகள் தனித்தனியே தெளிந்து நிற்கும் நேரெழுத்து. நான்காவது, கோடுகள் கைகோத்துச் செல்லும் ஓட்டெழுத்து. ஐந்தாவது, பழகிய கண்ணுக்கே புலனாகும் விரைவெழுத்து.

பாணி பொருளுக்குப் பணிவதற்குத் தாங் காலத்து யென் சென்சிங் என்பாரின் கை தக்க சான்று. 752-இல் பௌத்தக் கோபுரம் ஒன்றின் கல்வெட்டுக்கு அவர் அளித்தது அசையாத நேரெழுத்து. 758-இல், கலகத்தில் கொல்லப்பட்ட தம் அண்ணன் மகனுக்கு இரங்கலுரை வரைந்தபோதோ, அதே கை அடித்தும் திருத்தியும் ஓட்டெழுத்தில் விரைந்தது. அவ்வரைவுத் தாள் தைப்பே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஊரார்முன் நிற்பதற்கு ஒரு பாணி. நெஞ்சின் துயருக்கு மற்றொன்று.

எனவே வாயிற் பலகைக்கு நேரெழுத்தே தகும் என்றேன். ‘ஆன்’ எழுத்துக்கு ஆறு கோடுகள். நேரெழுத்தில் அவ்வாறையும் எண்ணிவிடலாம். சீனம் அறியாத தச்சரும் பிழையின்றிச் செதுக்கலாம். விரைவெழுத்திலோ, தூரிகையின் ஓட்டத்தை அறியாத உளி எங்கே நின்று எங்கே திரும்புவது என்று தடுமாறும். மகன் கொண்டுவந்த தாளைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டலாம். அங்கே அது கலைப்பொருளாகவே மதிப்புப் பெறும்.

இன்னும் இரண்டு செய்திகள். சில எழுத்துகளுக்குப் பழைய வடிவம், சுருக்கிய வடிவம் என இரண்டு உண்டு. ‘அன்பு’ என்னும் எழுத்தின் பழைய வடிவில் ‘நெஞ்சம்’ என்னும் உறுப்பு இருக்கிறது. சுருக்கிய வடிவில் அஃது இல்லை. எதைக் கொள்வது என்பதை முன்னரே முடிவு செய்க. ‘ஆன்’ எழுத்துக்கு இவ்வேறுபாடு இல்லை. மற்றொன்று, பலகையின் மேற்பக்கத்தைக் குறித்து வைப்பது. நல்வாழ்வைக் குறிக்கும் ‘ஃபூ’ எழுத்தைப் புத்தாண்டில் வேண்டுமென்றே தலைகீழாக ஒட்டும் வழக்கம் சீனரிடம் உண்டு. ஆனால் ‘ஆன்’ தலைகீழானால், பெண் மேலும் கூரை கீழுமாக நிற்கும், வீட்டையே கவிழ்த்ததுபோலாகும்.

அதே பலகையில், சீன எழுத்தின் கீழே ‘அமைதி’ என்று தமிழிலும் செதுக்குமாறு கூறினேன். தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் குழந்தைகளுள் தமிழைப் பேச மட்டும் அறிந்தோர் பலர். சீனத்துக்கு ஆறு கோடுகளையும் எண்ணிச் செதுக்கும் அக்கறை தமிழின் மூன்று எழுத்துகளுக்கும் கிடைக்கட்டும். வாயிலைக் கடக்கும் போதெல்லாம் அக்குழந்தைகள் அவற்றைக் கூட்டிப் படிப்பார்கள்.