ஒரு குதிரும் அறுபது மேசையும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இம்மேடையில் இதற்கு முன் நின்றவர்கள் இலக்கியம் பேசினர், இசை பேசினர், நாட்டு நடப்புப் பேசினர். யாமோ பத்தாம் வகுப்புக்கு மேல் படியாதவர். தந்தையார் இருப்புப்பாதைப் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால், கருணை அடிப்படையில் எமக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அவ்வளவே எம் தகுதி. ஆயினும் கணினி பயிலும் நம் பிள்ளைகள் எம்மை விடவில்லை. “பல கணினிகளை ஒன்றாக்கும் மெய்நிகர் முறையையும், அதற்குரிய சேமிப்புப் பேழைகளையும் பாடத்தில் படிக்கின்றோம். அவற்றை நம்பி வேலை செய்தவர்கள் பட்டறிந்ததைச் சொல்லுங்கள்” என்று வற்புறுத்தினர். பட்டதைச் சொல்வதற்குப் படிப்பு வேண்டுவதில்லை. ஆதலால் ஒப்புக்கொண்டோம்.

யாம் கூறப்போவது இந்நாகபுரியில் நடந்ததன்று. இதற்கு முன் பணியாற்றிய வேறோர் ஊரில் நடந்தது. அந்த அலுவலகத்தின் பெயரும், பொறி தந்த நிறுவனத்தின் பெயரும் இங்கு வேண்டா.

யாம் பணியிற் சேர்ந்த நாளில் ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு கணினிப் பெட்டி இருக்கும். அவரவர் கணக்கு அவரவர் பெட்டியில். ஒரு பெட்டி பழுதானால் அவர் ஒருவர் மட்டுமே கைகட்டி இருப்பார். மற்றவர் வேலை நடக்கும். ஆனால் அவருடைய கணக்குப் பெட்டியோடு போய்விடும். பக்கத்து மேசை நண்பர் ஒருவர் ஓராண்டு விடுப்புக் கணக்கை இவ்வாறு இழந்து, இரவும் பகலும் உட்கார்ந்து மீண்டும் எழுதினார்.

2016-ஆம் ஆண்டில் அப்பெட்டிகளையெல்லாம் அகற்றினர். அறுபது மேசைகளிலும் திரையும் விசைப்பலகையும் கையகலச் சிறு பெட்டியும் மட்டுமே எஞ்சின. குளிரூட்டிய அறை ஒன்றில் மூன்று பெரிய சர்வர்கள் வந்து அமர்ந்தன. ஒரு சர்வருக்குள் இருபது கணினிகள் இருப்பதுபோல ஒரு மென்பொருள் தோற்றுவிக்கும். அவை ஒவ்வொன்றும் தன்னைத் தனிக்கணினி என்றே எண்ணிக்கொள்ளும். இதுவே மெய்நிகர் கணினி. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் பொறிகளில் 1960-களிலேயே இம்முறை இருந்தது. 1998-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற வி.எம்.வேர் நிறுவனம் அதனைச் சாதாரணச் சர்வர்களுக்கும் கொண்டுவந்து பரப்பியது.

இவ்வறுபது கணினிகளின் கோப்புகள் அச்சர்வர்களுக்குள் இல்லை. அருகில் தனியே நின்ற ஒரு பேழையில் இருந்தன. அதனுள் இருபத்தைந்து வட்டுகள். அவற்றை ஆளும் கன்ட்ரோலர்கள் இரண்டு. மின்சாரம் வரும் வழியும் இரண்டு. அலுவலகத்தில் எல்லாரும் அதனை ‘ஸ்டோரேஜ்’ என்றே சொல்வர். ஊரில் கூட்டுக்குடும்பத்து வீட்டில் அடுப்பு மூன்று இருந்தாலும் நெற்குதிர் ஒன்றாக இருக்குமன்றோ? அதுபோல என்று கொள்ளுங்கள்.

குதிர் ஒன்றாக இருப்பதில் நன்மை உண்டு. ஒரு நாள் மூன்று சர்வர்களுள் ஒன்று நின்றுபோயிற்று. அதிலிருந்த இருபது கணினிகளும் சில நிமிடங்களில் மற்ற இரண்டில் எழுந்துவிட்டன. நெல் பொதுக் குதிரில் இருந்தமையால் எந்த அடுப்பிலும் உலை வைக்க முடிந்தது. நாங்கள் வியந்து போனோம். திரை கெட்டாலும், அடுத்த மேசையில் அமர்ந்து நம் பெயரைத் தட்டினால் போதும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். பழைய பெட்டிகளைப் பற்றி அதன்பின் ஒருவரும் ஏங்கியதில்லை.

ஆனால் திங்கட்கிழமைக் காலை பத்து மணி என்றால் எங்களுக்கு நடுக்கம். அறுபது பேரும் ஒரே வேளையில் கணினியை எழுப்புவோம். திரையில் வட்டம் சுழலும், சுழன்றுகொண்டேயிருக்கும். தேநீர் குடித்துத் திரும்பினாலும் சுழலும். காரணம் பின்னரே விளங்கிற்று. அங்கிருந்த வட்டுகள் நிமிடத்திற்கு 7,200 முறை சுற்றுபவை. அத்தகைய வட்டினிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் செய்திகளைக் கேட்டால், நொடிக்கு எண்பது, மிஞ்சினால் நூறு முறைதான் எடுத்துத் தரும். இருபத்தைந்தையும் கூட்டினாலும் நொடிக்கு இரண்டாயிரத்தை ஒட்டியே நிற்கும். எழுகின்ற கணினி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் கேட்கும். முன்பதிவில்லாப் பெட்டியின் ஒரே வாயிலில் மொத்தக் கூட்டமும் முட்டுவதை நாம் பாராததா?

முறையிட்டோம். பொறியாளர் வந்து வரைபடம் ஒன்றைக் காட்டினார். “பேழைக்குப் பளுவே இல்லை, பாருங்கள்” என்றார். அஃது இருபத்துநான்கு மணி நேரத்துச் சராசரி! இரவெல்லாம் உறங்கிய பேழையின் ஓய்வையும் காலை நேரத்து மூச்சுத்திணறலையும் கூட்டி வகுத்தால் பளு எங்கே தெரியும்? ஒன்பதே முக்கால் முதல் பத்தரை வரை உள்ளதைத் தனியே எடுத்துக் காட்டுமாறு எங்கள் தலைமை எழுத்தர் கேட்டார். அப்போது கோடு உச்சியைத் தொட்டு நின்றது. அதன்பின் ஒன்பது மணி முதலே கணினிகள் ஐந்தைந்தாக எழுமாறு செய்தனர். நச்சுநிரல் சோதனையையும் இரவுக்கு மாற்றினர். ஒரு ரூபாய் செலவில்லை; வட்டம் சுழல்வது குறைந்தது.

மற்றொரு நிகழ்ச்சி சிரிப்புக்கு உரியது. அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஒவ்வொருவர்க்கும் 100 கிகாபைட் இடம் என்று கணக்குக் காட்டியிருந்தனர். அறுபதுக்கு 6,000 ஆகவேண்டும். மேசைக் கணினிகளுக்கென்று பேழையில் ஒதுக்கியிருந்ததோ 4,000. எல்லாரும் முழுதும் நிரப்பமாட்டார்கள் என்னும் துணிவில் இவ்வாறு வழங்குவது வழக்கம். ரயில்வேக் குடும்பத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை, காத்திருப்போர் பட்டியல்தான். சிலர் பயணத்தைக் கைவிடுவர் என்று நம்பிச் சீட்டுத் தருகின்றோம். ஒருவரும் கைவிடாத நாளில் என்னாகும்? எங்கள் நண்பர் ஒருவர் தம் மகளின் திருமணக் காணொளியை முழுமையாகக் கொண்டுவந்து தம் கணினியில் ஏற்றினார். அது ஏறி முடியுமுன் பொது இடம் நிறைந்தது. அறுபது கணினிகளும் ஒருங்கே நின்றன. மணமக்களை வாழ்த்திய வாய்களே அன்று என்ன சொல்லின என்பதை இங்குக் கூறுவது முறையன்று.

இனி, யாம் சொல்ல வந்ததற்கு வருவோம்.

வட்டு என்பது ஒரு நாள் கெடும். கெட்டாலும் செய்தி போகாதிருக்க ஒரு வழி உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்து அறிஞர்கள் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரை அவ்வழியை முறைப்படுத்தி, ‘ரெய்டு’ என்னும் பெயரையும் தந்தது. கணக்கெழுதும் நமக்கு அது புதிதன்று. ஐந்து, ஏழு, ஒன்பது என மூன்று தொகைகளை மூன்று ஏடுகளில் எழுதி, நான்காம் ஏட்டில் கூட்டுத்தொகை இருபத்தொன்று என்று எழுதுகின்றோம். இரண்டாம் ஏடு தொலைந்தால், இருபத்தொன்றிலிருந்து ஐந்தையும் ஒன்பதையும் கழித்து ஏழைக் கண்டுகொள்ளலாம். பேழை செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் இரண்டு ஏடுகள் தொலைந்தால்? கழிப்பதற்கு வழியில்லை.

எங்கள் பேழையில் எட்டு வட்டுக்கு ஒரு குழுவாக மூன்று குழுக்கள். எஞ்சிய ஒரு வட்டு மாற்றாளாகக் காத்திருந்தது. 2018 பிப்ரவரியில் ஒரு வட்டு கெட, மாற்றாள் அவ்விடத்திற்குச் சென்றுவிட்டது. எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பேழை அவ்வளவு அமைதியாக அவ்வேலையைச் செய்து முடித்தது. எச்சரிக்கை மடல் போகாமலில்லை. முந்தைய ஆண்டே மாற்றலாகிச் சென்றுவிட்ட அதிகாரி ஒருவரின் முகவரிக்குப் போயிற்று! அவ்வறையைப் பெருக்கும் ஊழியர் மட்டும், “பாபு, அந்தப் பெட்டியில் ஒரு விளக்கு மஞ்சளாக எரிகிறது” என்று சொன்னார். யாரிடம் சொன்னார்? எம்மிடமே சொன்னார். யாம் தலையசைத்துக்கொண்டே கோப்பைப் புரட்டினோம், மறந்தும் போனோம். இதனை இங்கு மறைத்துப் பேசினால் இவ்வுரைக்கு மதிப்பில்லை.

மே மாதத்தில் அடுத்த வட்டு கெட்டது. இப்போது மாற்றாள் இல்லை. புதிய வட்டு வர நான்கு நாள். வந்தபின் மற்ற ஏழிலிருந்தும் கணக்கிட்டு அதனை நிரப்பவேண்டும். அதற்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அந்நேரம் முழுதும் பழைய வட்டுகள் ஓய்வின்றி ஓடும். அவை எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயதின. நிரப்பும் வேலை பாதியில் இருக்கையில் அதே குழுவில் இன்னொன்று கெட்டது. மூன்று குழுக்களையும் இணைத்து ஒரே பரப்பாக அமைத்திருந்தமையால், ஒன்று வீழ மூன்றும் வீழ்ந்தன.

“படி எடுத்து வைத்திருக்கின்றோம் அல்லவா?” என்றார் மேலதிகாரி. இருந்தது, நாள்தோறும் எடுத்த படிதான். எங்கே இருந்தது? அதே பேழையில். இடம் மிகுதியாக இருக்கின்றதே என்று அங்கேயே வைத்தனர். வெளியே எடுத்துவைத்த கடைசிப் படிக்கு ஐந்து மாத வயது.

ஐந்து மாதத்து விடுப்புக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும் போயின. அம்மாதம் ஓய்வுபெற வேண்டியவர் ஐவர். அவர்களை விடவும் எம்மை வாட்டியவர் ஓர் அம்மையார். அவர் கணவர் பாதைக் காவல் பணியில் இருந்து மார்ச்சில் இறந்தவர். குடும்ப ஓய்வூதியத்திற்கான கணக்கு முடிந்து ஒப்பத்திற்குப் போகவேண்டிய நிலையில் இருந்தது. பாசஞ்சர் வண்டியில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருவார். மூன்றாம் முறை வந்தபோது, கணினியில் இருந்தவை அழிந்தமையால் காலம் கேட்கின்றோம் என்று விளக்கினோம். அவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு இந்தியில், “என் வீட்டுக்காரரின் பெயரும் போய்விட்டதா, பாபு?” என்று கேட்டார்.

எம் தாயார் எங்கள் ஊர் அலுவலக வாயிலில் காத்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்நாளில் கணினி இல்லை. தாமதத்திற்குக் காரணம் வேறு. காத்திருப்பு ஒன்றே.

பெயர் போகவில்லை. ஓய்வுபெறும் நிலையிலிருந்த மூத்த எழுத்தர் ஒருவர் காகிதப் பணிப்பதிவேடுகளைப் பழையதென்று போடவிடாமல் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அவரைப் பழமைவாதி என்று நாங்கள் நகையாடியதுண்டு. அவ்வேடுகளை எடுத்து, மூன்று வாரம் இரவு ஒன்பது மணி வரை நாங்கள் எழுவர் அமர்ந்து கணக்கை மீண்டும் எழுதினோம். அந்த அம்மையாரின் கோப்பே முதலில் முடிந்தது. ஆறு வாரம் கழித்து அவர்க்கு ஆணை சென்றது. அந்த ஆறு வாரத்தை அவர் எதைக்கொண்டு கழித்தார் என்பதை யாம் கேட்கவில்லை, கேட்கும் துணிவில்லை.

சிற்றூர் எழுத்தர்கள்தாம் இப்படி என்று எண்ணவேண்டா. 2016 டிசம்பரில் ஆஸ்திரேலிய வரித்துறையின் பெரும் பேழை வீழ்ந்தது; பல நாள் பணிகள் முடங்கின. அடுத்த ஆண்டு அத்துறையே வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது. முன்னறிகுறிகள் பல வந்திருந்தன. மீட்பதற்கு வேண்டிய கருவிகளுள் சில வீழ்ந்த அதே பேழைக்குள் இருந்தன! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. தென்கொரியாவில் தேஜோன் நகரத்து அரசுக் கணினி நிலையத்தில் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. வெளியே படி இல்லை.

இப்போது சுழலும் வட்டு குறைந்து, சுழலாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. 2019-இல் அந்த அலுவலகத்திற்கும் அத்தகைய பேழை வந்தது. திங்கட்கிழமைத் தொல்லை அன்றோடு தொலைந்தது. ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் உலகிற்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. அது விற்ற சில வகை எஸ்.எஸ்.டி.கள், உள்ளிருக்கும் மென்பொருளைத் திருத்தாவிடில், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் மீட்கவியலாமல் நின்றுவிடும் என்பதே அது. மூன்று ஆண்டு, 270 நாள், எட்டு மணி. ஒரே நாளில் பேழையில் செருகியவை ஒரே மணியில் நிற்கும்! அப்போது கூட்டுத்தொகை ஏடு எதனை மீட்கும்? நல்லவேளையாக எங்களுடையவை அவ்வகையினவல்ல. ஆனாலும் வட்டுகளின் எண்களை ஏட்டில் எழுதி ஒப்புநோக்கும் வேலையை மேலதிகாரி எம்மிடமே ஒப்படைத்தார். மஞ்சள் விளக்கின் கதை அவர்க்குத் தெரியும் போலும்.

இறுதியாக, நம் வீட்டுச் செய்தி. நம் சங்கத்து உறுப்பினர் பதிவேடுகளும், பழைய ஆண்டு மலர்களும், மூன்று தலைமுறையின் நிழற்படங்களும் இப்போது அலுவலறை அலமாரியில் இரண்டு வட்டுகள் கொண்ட ஒரு சிறு பேழையில் உள்ளன. இரண்டிலும் ஒன்றே எழுதப்படுகின்றது என்று பிள்ளைகள் பெருமையோடு கூறினர். அவ்வலமாரிக்கு மேலே கூரை ஒழுகுவதைச் சென்ற மழைக்காலத்தில் நாம் எல்லாரும் கண்டோம். ஆதலால் கோடை விடுமுறைக்குத் தஞ்சைக்குச் செல்லும் குடும்பத்தார் ஒருவர் தனி வட்டு ஒன்றில் படியெடுத்துச் சென்று தம் வீட்டில் வைத்துள்ளார். இவ்வாண்டு அதனை வருவித்துத் திறந்து பார்க்குமாறு யாம் வேண்டினோம். ஏறத்தாழ எல்லாம் திறந்தன. பழைய நாடகப் படங்கள் இருந்த ஒரு தொகுப்பு மட்டும் திறக்கவில்லை. சங்கத்துப் பேழையில் பார்த்தால் அங்கும் திறக்கவில்லை. முதற்படி எடுக்கும்போதே பழுதாகியிருக்க வேண்டும். அப்படங்களின் அசல், நான்காம் தெருவில் உள்ள மூதாட்டியார் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் இருப்பதாக அறிந்தோம். வருகின்ற ஞாயிறன்று அவர் இல்லத்திற்குச் செல்கின்றோம். உடன் வர விரும்பும் பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்குச் சங்க வாயிலில் கூடுக.