மார்க்கர் வாங்கப் போகிறீர்களா?

(புணே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

போன கூட்டத்தில் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி ஒரு வக்கீல் பேசினார். இரண்டும் அவசியமான விஷயங்கள்தான். ஆனால் கேட்டுவிட்டு எல்லோரும் கொஞ்சம் கவலையோடுதான் அகத்துக்குத் திரும்பினோம். அதனாலோ என்னவோ, "இந்தத் தடவை உங்க கலரிங் பத்திப் பேசுங்கோ மாமி" என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

நான் சித்திரக்காரி இல்லை. 34 வருஷம் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோலத்தைத் தவிர வேறு எதையும் வரைந்து எனக்குப் பழக்கமில்லை. 2019-ல் என் அகத்துக்காரர் காலமானார். அடுத்த வருஷமே கொரோனா வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார வைத்துவிட்டது. அப்போது பெங்களூரில் இருக்கும் பெண், பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் ஒன்றை அனுப்பினாள். 2013-ல் ஜோஹன்னா பாஸ்ஃபோர்ட் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியின் 'சீக்ரெட் கார்டன்' வெளிவந்த பிறகு உலகெங்கும் பரவிய பழக்கம் இது. முதலில் கலர் பென்சில், பிறகு மார்க்கர் என்று முன்னேறினேன்.

"ஆல்கஹால் மார்க்கர்" என்றதும் பக்கத்து ஃபிளாட் மாமி, "ஆல்கஹாலா? ஆத்துக்குள்ளயா?" என்று காதைப் பொத்திக்கொண்டாள். "மாமி, ரெண்டு வருஷமா கையில தேச்சுண்டிருந்தோமே சானிடைசர், அதுல இருந்ததும் அதுதான்" என்றேன். சாயத்தை ஆல்கஹாலில் கரைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்ணீர் கலந்த ஸ்கெட்ச் பேனாவில் ஒரே இடத்தில் இரண்டு தடவை தீட்டினால் கோடு கோடாகத் தெரியும், தாளும் சுருங்கும். ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடுவதால் தாள் சுருங்காது. ஒரு கலர் மேல் இன்னொன்று போகும்போது கீழே இருப்பதையும் கொஞ்சம் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் பட்டுப்புடவை மாதிரி வழவழவென்று வரும். இந்தக் குணத்தால் எனக்கு ஒரு பெரிய நஷ்டமும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கப் போகும்போது முதல் ஆபத்து, பெரிய பெட்டி. அப்பா பல்வந்த் சௌக்கில் கடைக்காரர் 120 கலர் பெட்டியைத் திறந்து காட்டினால் யாருக்கும் மனசு போகும். நான் போய் வாங்கினேன். பாதிக்குமேல் இன்னும் மூடியே திறக்கவில்லை. ஆரம்பிப்பவர்களுக்கு 24 போதும், 12 இருந்தாலே வேலை நடக்கும். எத்தனை என்பதைவிட எவை என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு நிறத்திலும் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று வேண்டும். மூன்று பச்சை இருந்தால் ஒரு வாழையிலைக்கு வெயிலும் நிழலும் கொடுக்கலாம். ஒரே ஒரு பச்சை, ஒரே ஒரு சிவப்பு, ஒரே ஒரு நீலம் என்று 24 இருந்தால் ஒன்றோடு ஒன்று கலக்காது. நமக்குப் பழுப்பில் நாலைந்து கண்டிப்பாக வேண்டும். மனித முகத்துக்கென்று பல பெட்டிகளில் வருவது வெளிறிய ரோஸ்தான். அதை வைத்துக்கொண்டு நம் மனிதர்களின் முகத்தைத் தீட்ட முடியாது.

இரண்டாவது, முனை. அனேகமாக எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் முனை இருக்கும். ஒரு பக்கம் பட்டையாக இருக்கும், மறுபக்கம் கூர்மையான கெட்டி முனையோ வளையும் தூரிகை முனையோ இருக்கும். முதல் நாள் தூரிகை முனை கைக்கு அடங்காது, ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிடும். அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்பதால் என் மாதிரி விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதுவே சௌகரியம்.

மூன்றாவது, எந்தக் கம்பெனி? ஜப்பானின் காப்பிக் 1987-ல் வந்தது. 358 நிறங்கள் இருக்கின்றன. மை தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம், முனை தேய்ந்தால் மாற்றலாம். மூடியில் உள்ள எழுத்து நிறத்தின் குடும்பத்தைச் சொல்லும், கடைசி எண் அடர்த்தியைச் சொல்லும். ஆர் 24, ஆர் 27, ஆர் 29 என்று எடுத்தால் மூன்றும் அக்கா தங்கை மாதிரி ஒத்துப்போகும். ஆனால் விலை அதிகம். அதே கம்பெனியின் சியாவ் வகை சற்று மலிவு, அதிலும் மை ஊற்றலாம். சீனாவின் ஒஹுஹுவும், நம் ஊரில் கிடைக்கும் பிரஸ்ட்ரோவும் கைப்பழக்கத்துக்குப் போதுமானவை. என் யோசனை இதுதான்: மலிவான சின்னப் பெட்டியில் ஆரம்பியுங்கள். எந்த மூன்று நிறம் முதலில் தீர்கிறதோ, அந்த மூன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

வாங்கி வந்ததும் முதல் வேலை, படம் தீட்டுவதல்ல. எந்தத் தாளில் தீட்டப்போகிறீர்களோ அதே தாளில் ஒவ்வொரு கலரையும் ஒரு சின்னக் கட்டத்தில் போட்டு, நம்பர் எழுதி, காயவிட்டுப் பாருங்கள். மூடியின் நிறம் ஒன்றாக இருக்கும், தாளில் வருவது வேறாக இருக்கும். மாம்பழக் கலர் என்று எடுத்தது எலுமிச்சையாகக் காயும். தாள் வழவழப்பாகவும் கனமாகவும் இருக்கட்டும். சொரசொரப்பான கைக்காகிதம் மையையும் குடிக்கும், முனையையும் பிய்க்கும். இருபுறமும் படம் அச்சான புத்தகத்துக்கு மார்க்கர் கூடவே கூடாது, பென்சில்தான். ஒருபுறம் மட்டும் அச்சானதென்றாலும் அடியில் ஓர் அட்டை வையுங்கள்.

இப்போது அந்த நஷ்டத்தைச் சொல்கிறேன்.

என் அகத்துக்காரருக்குப் படம் போடுகிற பழக்கம் உண்டு. பால்பாயின்ட் பேனாவால் ஒரு நோட்டில் போட்டுக்கொண்டே இருப்பார். காகிதத்தை வீணாக்க மாட்டார், இரண்டு பக்கமும் போடுவார். ஒரு பக்கத்தில் என் மாமியார் மடிசாரோடு கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மறுபக்கத்தில் நாலு வயசுப் பெண் தூங்குகிறாள். மார்க்கர் கொஞ்சம் கைவந்ததும், அந்தப் புடவைக்கு அரக்குக் கலர் கொடுத்தால் அவருக்கும் சந்தோஷமாக இருக்குமே என்று நினைத்தேன். முகத்தில் பழுப்பை வைத்தவுடன் பேனா மை கரைந்தது. மூக்கும் கண்ணும் நீலமாக இழுத்துக்கொண்டு போயின. பதறித் திருப்பிப் பார்த்தால், புடவையின் அரக்கு இந்தப் பக்கம் ஊறி, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் இறங்கியிருந்தது. நிறமில்லாத பிளெண்டர் என்று ஒன்று உண்டு, அதைப் போட்டு எடுக்கப் பார்த்தேன். அது அழிப்பான் இல்லை, சாயத்தை இன்னும் தள்ளிவிடுகிற சமாசாரம். தள்ளியே விட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பெண்ணிடம் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. அவள் கோபிக்கவில்லை. "மீதிப் படத்தையெல்லாம் முதல்ல ஜெராக்ஸ் எடும்மா" என்றாள். நோட்டில் 23 படங்கள் பாக்கி இருந்தன. கடைக்காரர் கனமான வழவழத் தாளில் எடுத்துக் கொடுத்தார். ஜெராக்ஸின் கறுப்பைக் கரைக்காத மார்க்கர் வேண்டும் என்றுதான் காப்பிக்கையே உருவாக்கினார்களாம். இருந்தாலும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுச் சோதித்த பிறகே தொடுகிறேன். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் சோதனை இன்னும் அவசியம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். மூடியை 'டக்' என்று சத்தம் வரும்வரை மூடுங்கள். இருமுனை மார்க்கரைப் படுக்கவைத்தால்தான் இரண்டு முனையிலும் மை இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துத் தீட்டுங்கள், இழுப்பு உள்ளவர்கள் ரொம்பவே ஜாக்கிரதை. தீப்பற்றக்கூடியது, எனவே சுவாமி விளக்குப் பக்கமும் அடுப்புப் பக்கமும் வேண்டாம். தீட்டிய படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், சாயம் வெளுத்துவிடும். ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

23-ல் இதுவரை 14 முடித்திருக்கிறேன். நல்லதாக வருவதைப் பெண்ணுக்கு அனுப்புகிறேன். "அப்பா இதுக்கு இந்தக் கலர் நினைச்சிருக்க மாட்டா" என்று அவள் சண்டை போடுகிறாள். வாரத்துக்கு ஒரு தடவை இருந்த ஃபோன் இப்போது தினமும் வருகிறது. கெட்டுப்போன அந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை, நோட்டிலேயே இருக்கிறது.

உங்கள் அகத்திலும் பழைய படமோ கோல நோட்டோ இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இங்கேயே உட்கார்ந்து தீட்டலாம் என்று செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். மார்க்கர் என்னிடம் நிறைய இருக்கிறது, 120 வாங்கினேனே! நீங்கள் கொண்டுவர வேண்டியது ஜெராக்ஸ் மட்டும். ஒரிஜினலை பீரோவிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.