சதவிகிதமும் சந்தேகமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செங்கல்பட்டில் வேதியியல் படித்து, பிறகு அதையே சொல்லிக் கொடுத்தவன் நான். எங்கள் காலத்தில் காப்பி அடித்தவனை வாத்தியார் கண்ணாலேயே பிடித்துவிடுவார். இன்று அந்த வேலையை மென்பொருள் செய்கிறது. செய்யட்டும், நல்லதுதான். ஆனால் அது காட்டும் சதவிகிதத்தை மட்டும் வைத்து மார்க்கைக் குறைக்கலாமா?

கொளவாய் ஏரித் தண்ணீரையும், மாமல்லபுரம் கடலோரக் கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுவந்து கடினத்தன்மை பார்க்கச் சொல்கிறோம் என்று வையுங்கள். ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பியூரெட்டில் எடுத்து, ஒயின் சிவப்பு நீலமாகும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதை 30 பேர் எழுதினால் 30-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறு எப்படி எழுதுவது? அத்தனையும் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொல்லும். அடுத்தவன் ரீடிங்கை எடுத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் மாற்றினவன் தப்பிச்சுடுவான்!

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளைப் படித்துப் பாருங்கள். 10 சதவிகிதம் வரை தண்டனை கிடையாது. பொதுச் சொற்கள், அறிவியல் விதிகள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் கணக்கில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் ஆகியவற்றை அந்த விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. முதுகலை, ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் வைத்த அளவுகோலைக் காட்டி பி.எஸ்ஸி. பிள்ளையை மிரட்டுவது நியாயமா?

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, இங்கிலீஷில் தப்பு வந்துடுமோன்னு பயந்து புத்தக வாக்கியத்தையே எழுதும். "உன் வார்த்தையில எழுதும்மா, தப்பு வந்தா நான் திருத்தறேன்" என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மென்பொருளில் சோதிக்கப் போவதை முதல் நாளே சொல்லுங்கள். வந்த அறிக்கையை மாணவரிடமும் காட்டுங்கள். செய்முறையைத் தள்ளிவைத்து, ரீடிங்கையும் முடிவையும் பாருங்கள். சந்தேகம் வந்தால், "தம்பி, இன்னொரு தடவை செஞ்சு காட்டு" என்று பியூரெட்டைக் கையில் கொடுங்கள். உண்மை தானே வெளிவரும். அவர் பக்கத்தைக் கேட்காமல் மார்க்கில் கை வைக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்தவர் ரீடிங்கை எழுதினால், அவர்கள் தண்ணீரைப் பற்றிப் பொய் சொன்னதாக ஆகும். அதை எந்த மென்பொருளும் பிடிக்காமல் போகலாம். உங்களுக்குத் தெரியுமே!