புது லாரிக்கு முதல் ஆயில்

நாமக்கல்லில் பாடி கட்டி முடித்த லாரிக்கு மாலை போட்டாயிற்று. டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் நசுங்கியாயிற்று. உடனே டிரைவர் கேட்பார்: "மொதலாளி, இந்த ஆயிலை இறக்கிட்டு வேற நல்லதா ஊத்திடலாமா?"

வேண்டாம் நேயர்களே. கம்பெனி ஊற்றி அனுப்பிய ஆயிலே இருக்கட்டும்.

புது அம்மியைக் கொத்திய பிறகு, முதலில் கொஞ்சம் அரிசியை அரைத்துக் கொட்டுவார்கள். கல்லும் குழவியும் பழகட்டும் என்றுதான். புது எஞ்சினும் அப்படித்தான். சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருக்கும். பிஸ்டன் ரிங் அதில் உரசி உரசிப் படிய வேண்டும். படியாவிட்டால் எஞ்சின் ஆயில் குடிக்கும், நீலப்புகை கக்கும். ரிங் படிவதற்கு ஏற்றது கம்பெனி ஊற்றிய ஆயில்தான்.

படிய வைப்பது ஆயில் மட்டுமா? சுமையும்தான். மிதமான லோடு, ஏறி இறங்கும் வேகம். டீக்கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு அரட்டை அடித்தால் ரிங் படியாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

எப்போது மாற்றுவது, எதை ஊற்றுவது? இரண்டும் கையேட்டில் இருக்கும். 2020க்குப் பின் வந்த பி.எஸ்.6 லாரிக்குப் பெரும்பாலும் சாம்பல் குறைந்த சி.கே.-4 வகை ஆயில்தான். பழைய லாரிக்கு வாங்கி மிச்சமான டின் கொட்டகையில் கிடக்கிறதே என்று ஊற்றினால், புகைக்குழாய் வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.