முடித்துக் காட்டிய மூன்று நிமிடம்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினராக வந்த முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விடாமுயற்சி' என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் தொலைபேசியில் அழைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, நான் விட்டுவிட்ட வேலைகள்தான் அதிகம், முடித்தது ஒன்றே ஒன்று" என்றேன். "அப்படியானால் அதையே வந்து பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆகவே பேசுகிறேன்.

எனக்குத் தொழில் அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீசு, நாள்காட்டி, இவற்றுக்குப் படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆனால் சின்ன வயது முதல் எனக்கு இருந்த பைத்தியம் கார்ட்டூன் படம். இதே பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, கடைக்கடன் எழுதும் 555 கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு சேவல் வரைந்து, கட்டை விரலால் சரசரவென்று புரட்டினால் சேவல் ஓடும். அம்மா அந்தப் புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்கார அண்ணன் கணக்கை எழுதுவதை விட்டுவிட்டுச் சேவலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எனக்குக் கிடைத்த முதல் ரசிகர் அவர்தான்.

பிள்ளைகளே, கார்ட்டூன் படத்தின் இரகசியம் அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான், வேறொன்றும் இல்லை. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு தடவை காட்டினாலும் கண் ஏமாறும் என்பதால் பெரும்பாலும் விநாடிக்கு 12 வரைந்தால் போதும். ஒரு நிமிடத்துக்கு 720. இப்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள். நீங்கள் பசியாறிக்கொண்டே பார்க்கும் பத்து நிமிடப் படத்தைக் கையால் வரைந்தால் 7,200 படங்கள்.

இந்தக் கணக்கை நான் செய்யவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு. இருபத்திரண்டு வயதில், கடாரத்துக்குப் படையெடுத்து வந்த இராசேந்திர சோழனைப் பற்றி இருபது நிமிடத்துக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். கப்பல், கடல், யானை, புயல், எல்லாம் உண்டு. இருபது நிமிடம் என்றால் 14,400 படம். ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முதல் காட்சியை மட்டும் மூன்று தடவை வரைந்தேன். ஒவ்வொரு வருடமும் கை கொஞ்சம் தேறும். தேறிய கையோடு பழைய கப்பலைப் பார்த்தால் பிடிக்காது. மறுபடியும் முதலிலிருந்து. ஒன்பது வருடத்தில் அந்தக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டவில்லை.

என் அப்பா அதிகம் பேச மாட்டார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கேள்வி மட்டும் கேட்பார்: "என்னப்பா, படம் முடிஞ்சிருச்சா?" நானும், "இன்னும் கொஞ்சம்தாம்பா" என்பேன். ஒன்பது தீபாவளிக்கு அதே பதிலைச் சொன்னேன். பத்தாவது தீபாவளிக்குக் கேட்க அவர் இல்லை. கருமாதி முடிந்து வீட்டைத் துடைக்கும்போது அலமாரியில் கட்டுக்கட்டாகக் கப்பல் படங்கள். ஏறக்குறைய ஆயிரத்து நூறு இருந்தன. அவர் கண்ணால் பார்க்கக்கூடியது ஒரு நிமிடம்கூட அதில் இல்லை.

என்னைவிடக் கோடி மடங்கு பெரிய கலைஞருக்கும் இது நடந்திருக்கிறது. லண்டனில் ரிச்சர்டு வில்லியம்சு என்று ஒருவர் இருந்தார். ஆசுகார் பரிசு வாங்கியவர். அவர் 1964 இல் 'தி தீஃப் அண்டு தி காப்ளர்' என்ற படத்தைத் தொடங்கினார். விளம்பரப் படங்கள் செய்து பணம் சேர்ப்பார், சேர்ந்த பணத்தை இதில் போடுவார். விநாடிக்கு 12 போதாது என்று பல காட்சிகளுக்கு 24 வரைந்தார். ஒவ்வொரு காட்சியும் உலகத்தில் இதுவரை யாரும் செய்யாததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். கடைசியில் பெரிய நிறுவனம் பணம் போட்டது. கெடு வைத்தது. கெடுவுக்குள் முடியவில்லை. 1992 இல், கொஞ்சம்தான் மிச்சம் இருந்த நிலையில், படம் அவர் கையை விட்டுப் போயிற்று. வேறு ஆட்கள் வெட்டி ஒட்டிப் பாட்டெல்லாம் சேர்த்து 1993 இல் வெளியிட்டார்கள். இருபத்தெட்டு வருட உழைப்பு! சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வேலையில் குறை சொல்லவும் முடியாது. எந்த இடத்தில் 'போதும்' என்று சொல்வது என்பதுதான் அவருக்கு வரவில்லை என்று நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் 2015 இல் 'ப்ரோலாக்' என்று ஆறு நிமிடப் படம் ஒன்றை முடித்துக் கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டியவர்! அந்த ஆறு நிமிடத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா போன பிறகு ஒரு வருடம் பென்சிலைத் தொடவில்லை. எங்கள் தோட்டத்தில் அப்போது கடைசிப் பால்மரங்களையும் சாய்த்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் வெட்டிய நிரையில் ஒரு மரம் மிச்சமில்லை. என் மகள், "பாட்டி என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டபோது, காட்ட என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. அப்போதுதான் தோன்றியது. சோழனும் வேண்டாம், யானையும் வேண்டாம். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் இருட்டில் கிளம்பி, மரம் வெட்டி, பால் எடுத்து, வாளியோடு திரும்புவது. மூன்றே நிமிடம்.

இந்தத் தடவை கணக்குப் போட்டேன். மூன்று நிமிடத்துக்கு 2,160. அசையாத காட்சிகள், திரும்பத் திரும்பப் பயன்படும் நடை, இவற்றைக் கழித்தால் ஏறக்குறைய 1,400. இரவுக்கு எட்டுப் படம். 175 இரவு. ஆனால் முடிய பதினான்கு மாதம் ஆயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்தல் வந்தது, அச்சகத்தில் ஓவர்டைம். பிள்ளைக்குக் காய்ச்சல். மச்சான் கல்யாணம். கணக்கு வேறு, குடும்பம் வேறு. ஆனாலும் கணக்கு இருந்ததால், எங்கே நிற்கிறேன் என்பது எந்த நாளும் எனக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலையை எண்ணத் தெரியும். அவர்கள் ஒரு நாளும் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டதில்லை. இரவு பத்து மணிக்குக் காப்பியை வைத்துவிட்டு, "இன்னைக்கு எத்தனை?" என்பார்கள். "எட்டு" என்றால், "ம்" என்று போய்விடுவார்கள். "மூணுதான்மா" என்றாலும் அதே "ம்"தான். இருட்டோடு ஐந்நூறு மரத்து நிரைக்குள் நுழைகிற ஆள், ஐந்நூறையும் நினைத்தால் கால் நகருமா? இந்த மரம், இந்தக் கோடு, அடுத்த மரம். பட்டையை ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவலாம். இன்றைக்கே நிறையப் பால் வேண்டுமென்று ஆழமாய் இழுத்தால் மரம் புண்ணாகிவிடும். இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு படம் வரைந்து, அடுத்த பத்து நாள் மேசைப்பக்கமே போகாமல் இருந்து தெரிந்துகொண்டேன். பிறகு எட்டுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பெற்றோர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை படம் வரைந்தாலும், கதை எழுதினாலும், மிருதங்கம் பழகினாலும், "இதுல என்ன சம்பாதிக்கப் போறே?" என்று கேட்காதீர்கள். "எப்ப முடியும்?" என்றும் கேட்க வேண்டாம். "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களில் சிலர் கைபேசியிலேயே பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படம் பிடிக்கிறீர்கள் என்று ஆசிரியர் சொன்னார். மிகவும் மகிழ்ச்சி. உங்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் கதை முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களில், கிறுக்கலாகவே, கடைசிவரை வரைந்துவிடுங்கள். குச்சி மனிதர்கள் போதும். அந்தக் கிறுக்கல்களை நேரப்படி அடுக்கி, சத்தத்தோடு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அழகில்லாத படம்தான், ஆனால் முழுப்படம். அதன்பிறகு நீங்கள் செய்வதெல்லாம் கிறுக்கலை எடுத்துவிட்டு நல்ல படத்தை வைப்பதுதான். என்றைக்கு நிறுத்தினாலும் கையில் ஒரு முழுக்கதை இருக்கும். நான் கப்பலை மெருகேற்றிக்கொண்டே இருந்தேனே, அந்த வியாதி வராது.

இன்னொன்று, நடு வேலையில்தான் வரும். பாதி தூரம் போனவுடன் புதுக்கதை ஒன்று தோன்றும். அது இப்போதைய கதையைவிடப் பிரமாதமாக இருக்கும்! ஏமாந்துவிடாதீர்கள். அதுவும் பாதிக்கு வந்தால் இப்படித்தான் புளிக்கும். எனக்கு அந்தப் பதினான்கு மாதத்தில் ஐந்து புதுக்கதை வந்தது. ஐந்தையும் ஒரு 555 புத்தகத்தில் எழுதி மூடி வைத்தேன். பிறகு திறந்து பார்த்தபோது ஒன்று மட்டும் தேறியது. அதேபோல, இரவு வேலையை நிறுத்தும்போது ஒரு படத்தைப் பாதியில் விட்டு எழுந்திருப்பேன். மறுநாள் உட்கார்ந்தால் வெறும் தாள் முறைக்காது. பாதிக் கை இருக்கும், மீதியைப் போட வேண்டியதுதான். கைபேசியை மட்டும் வேலை நேரத்தில் அலமாரிமேல் வைத்துவிடுங்கள். படம் பிடிக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டின் கதை ஒன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உப்பின் இப்பினில் ராஜூவையும் முத்து மாமாவையும் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அந்தத் தொடர் வந்தது 2007 இல். அதற்கு எத்தனையோ வருடம் முன்பு, ஃபிலெம் நெகாரா மலேசியாவில் காட்சி அமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர் என்பவர்தான் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' என்ற படத்தைச் செய்தார். மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1978 ஆம் ஆண்டைய முயற்சி அது. தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தது 1983 இல். கணினி இல்லாத காலம். அத்தோடும் அவர் நிறுத்தவில்லை. 1984 இல் குரங்குக் கதை, 1987 இல் முதலைக் கதை என்று சருகுமானை வைத்து மேலும் படங்கள் கொடுத்தார். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்பது என் ஆசை.

இன்றைய காலத்துக்கு ஓர் ஆளைச் சொல்ல வேண்டுமானால், லாத்வியா என்ற சின்ன நாட்டுக்காரர் கிண்ட்சு சில்பலோடிசு. 'அவே' என்ற 75 நிமிடப் படத்தைத் தனி ஒருவராக மூன்றரை வருடம் உட்கார்ந்து 2019 இல் முடித்தார். வசனமே கிடையாது. வசனம் இல்லாததால் வாயசைவு வேலை மிச்சம், பார்த்தீர்களா! நான்கு அத்தியாயமாகப் பிரித்திருந்தார். ஆகவே மலை ஒன்றாக இல்லாமல் நான்கு மேடாக இருந்தது. அவருடைய அடுத்த படம் 'ஃப்ளோ', ஒரு பூனையின் கதை. இந்தத் தடவை ஒரு சிறு குழு சேர்ந்தது. 2024 இல் வெளிவந்து 2025 இல் ஆசுகார் வாங்கியது. அதைச் செய்த பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம். நம் பள்ளிக் கணினி அறையிலும் போட்டுக்கொள்ளலாம்.

என் படம் முடிந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடமும் அசையாமல் பார்த்தார்கள். முடிந்ததும், "நல்லா இருக்குப்பா. ஆனா கோட்டைத் தப்பா போட்டிருக்கே" என்றார்கள். "என்னம்மா தப்பு?" என்றேன். "கத்தி மேல இடது பக்கத்துலேருந்து கீழ வலது பக்கமா வரணும். நீ மாத்திப் போட்டிருக்கே. இப்படி வெட்டுனா மண்டோர் பேரு போட மாட்டாரு." பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் கொஞ்சம் சாய்வாக இருக்கின்றன, இடமிருந்து வலமாய் இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டுப் பால் கூடும் என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். அம்மா எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை.

மரம் வெட்டும் காட்சியில் 84 படங்கள். பழைய நானாக இருந்தால் முழுப்படத்தையும் கிழித்துப் போட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பேன். இல்லாவிட்டால், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பேன். அந்த 84 ஐ மட்டும் எடுத்தேன். பதினோரு இரவு. பத்தாவது இரவு வரை எட்டெட்டு, கடைசி இரவு நான்கு. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கரண்டிக் காம்பைக் கத்தியாகப் பிடித்து எனக்குக் கையைக் காட்டினார்கள்.

அம்மா இன்று வந்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில், பச்சைப் புடவை. எழுந்திருக்கச் சொன்னால் கூச்சப்படுவார்கள், வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது, தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பரிசு வழங்குவதற்கு முன்னால் அந்தப் படத்தை இந்த மண்டபத்தில் போடச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்று நிமிடம்தான். ஆசிரியர் இப்போது விளக்கை அணைப்பார், பின்னால் இருக்கும் அண்ணன்மார்கள் தயவுசெய்து கதவுத் திரையை இழுத்துவிடுங்கள்.